வயர்மேன் போட்ட கையெழுத்து

தாராவி, பம்பாய்
2-8-1964, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை நயினார் அவர்களுக்கு மாமா வானமாமலை எழுதிக்கொள்வது.

இவ்விடம் எல்லாரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. போன இரண்டு கடிதங்களும் அப்படித்தான் ஆரம்பித்தன. என் மகள் பேராச்சி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பூமாரி எழுதியவை என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் பூமாரி என்று யாரும் கிடையாது. நான்தான் பூமாரி.

பேராச்சி பம்பாயில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் எழுதும் தமிழ் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். வாத்தியாரான உங்களுக்கு அது தெரியாததல்ல. அந்த எழுத்தைப் போலவே எழுதிப் பார்த்தேன், என் கைக்கு வரவில்லை. அதனால் பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கை சுளுக்கிவிட்டது, பூமாரி எழுதித் தருகிறாள் என்று ஒரு கதை கட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உங்களை நினைக்காத நேரமில்லை என்று உங்களுக்கு எழுதினேன். நீங்களும் பதில் போட்டீர்கள். பூமாரியின் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தீர்கள். கடைசிப் பாரா பேராச்சிக்கு மட்டும், பூமாரி தங்கச்சி அதை வாசிக்க வேண்டாம் என்றும் போட்டிருந்தீர்கள். தங்கச்சி வாசிக்கவில்லை. மாமனார் வாசித்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் சுவரில் இருக்கிற உங்கள் கல்யாணப் போட்டோவை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போது வந்திருப்பது எனக்கே எழுதிய கடிதம். எங்கள் தெருவிலிருந்து ஊருக்கு வந்த கணேசபாண்டியன், பேராச்சிக்குப் பேய் பிடித்திருக்கிறது, பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தாள் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆவணி பிறந்ததும் உங்கள் அம்மா பிச்சம்மாள் மதினியே ரயிலேறி வந்து அவளைக் கூட்டிப்போய், மலையடிவாரத்துக் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் சங்கிலியில் கட்டிவைக்கப் பேசி முடித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாளாக வேலைக்குப் போய் வருகிறேன். ரயிலில் பக்கத்தில் நிற்கிறவன் வாசித்துவிடுவானோ என்று பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே விக்ரோலி வரை போகிறேன்.

பேய் பிடிக்கவில்லை. மற்றது உண்மை, ஆனால் கணேசபாண்டியன் சொன்ன மாதிரி இல்லை.

தலைப்பிரசவம் எங்கள் பொறுப்பு என்று வளையல் அடுக்கிக் கூட்டிவந்தோம். சுகப்பிரசவம்தான். பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளை அழுவதால் என்று நினைத்தோம். பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்கவில்லை. மூன்று நாள், நாலு நாள், கண்ணை மூடவே இல்லை. வீட்டை ஓயாமல் கூட்டினாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்றாள். எதிர்வீட்டு ரேடியோ தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறது என்றாள். நான் போய் அந்த ரேடியோவைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் வாய்க்குப் பயந்து அவளுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டோம். அது இன்னொரு வம்பாகிவிட்டது. தெருவே கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தது. கொட்டினால் சாக்கடையில் பச்சையாக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும் நானே குடித்தேன். இப்போது என் ஈரலைப் போல ஈரல் தாராவியில் யாருக்கும் இருக்காது.

உங்கள் மாமி பார்வதியம்மாள், உச்சி நேரத்தில் தோல் கிடங்குப் பக்கம் போனபோது ஏதோ தொற்றிக்கொண்டது என்றாள். நானும் சரி என்றேன். ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தோம். அவன் வாசலில் நின்றபடியே, பார்த்த உடனே, யார் எவர் என்று பேயின் பெயர் வரைக்கும் சொன்னான். மூன்று நாள் வேப்பங்குழையால் அடித்தான். மிளகாய்ப் புகை போட்டான். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது நான்தான். மூன்றாம் நாள் அவள் சத்தம் நின்றது. இறங்கிவிட்டது என்றான். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அவள் மயங்கிக் கிடந்தாள், மாப்பிள்ளை. மூன்று நாளாகச் சாப்பிடாதவள். மயக்கத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் சூடம் கொளுத்தினோம்.

மறுநாள் மத்தியானம் நான் டூட்டியில் இருந்தேன். பார்வதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பேராச்சி பிள்ளையோடு தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். பிள்ளை உடம்பு தீயாக எரிகிறது, தண்ணீரில் வைத்தால்தான் பிழைக்கும் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சபுரா பார்த்து, ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. கணேசபாண்டியன் சொன்னது இதைத்தான். கொல்லப் பார்க்கவில்லை. அவள் புத்தியில் அவள் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். டாக்டர் இதை எனக்கு இரண்டு தடவை சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறிற்று.

சபுரா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பிடித்து ஏசினாள். ஏ அண்ணாச்சி, உம்ம மவளுக்குக் காமாலையும் இல்ல, பேயும் இல்ல, எங்க அக்காளுக்கும் பெத்த மறுமாசம் இப்படித்தான் வந்துச்சு, இன்னைக்கு அவ மூணு பிள்ளைய வளக்கா, நாளைக்குக் காலம்பற கிளம்பும் என்றாள். தெருவில் யாரும் என்னை அப்படி ஏசியதில்லை. மறுநாள் பேராச்சியைக் கூட்டிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

அங்கே டாக்டர் வேங்கடசுப்ரமணியன் என்று மாட்டுங்காவில் இருக்கும் ஐயர். என் தமிழ் அவருக்கும் அவர் தமிழ் எனக்கும் கொஞ்சம் தள்ளித்தான் புரிந்தது. எத்தனை நாளாய்த் தூக்கம் இல்லை, காய்ச்சல் உண்டா, பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போயிற்று, குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்று ஒரு மணி நேரம் கேட்டார். அவள் கையில் இருந்த தடிப்புகளைப் பார்த்து இது என்ன என்றார். சொன்னேன். அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு உடம்புக்குள்ளே சுரக்கிறதெல்லாம் ஒரேயடியாக மாறுகிறதாம். தூக்கமும் கெட்டால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையும் கொஞ்ச காலம் தடம் மாறிவிடுமாம். டைபாய்டு மாதிரி இதுவும் ஒரு வியாதி, அவள் செய்த தப்பும் இல்லை, நீங்கள் வளர்த்த தப்பும் இல்லை என்றார். பிறகு எல்லாருக்கும் வராமல் இவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். முழுக் காரணம் எங்களுக்கே இன்னும் தெரியாது, தெரிந்த மாதிரி உங்களிடம் நடிக்க மாட்டேன், ஆனால் குணமாக்கத் தெரியும் என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. எங்கள் வேலையிலும் அப்படித்தான். வந்து நின்றவுடனே இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்கிறவனை நான் போர்டில் கை வைக்க விடமாட்டேன்.

அங்கேயே சேர்த்து இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். கூச்சல் குறைந்தது, ஆனால் சாப்பிட மறுத்துவிட்டாள். சோற்றில் விஷம் என்றாள். எலும்பும் தோலுமானாள். அப்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தலையில் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்.

மாப்பிள்ளை, நான் இருபத்தாறு வருஷம் வயர்மேன். கரண்ட் என்ன செய்யும் என்று புத்தகத்தில் படித்தவனல்ல. போன வருஷம் எங்கள் கம்பெனியில் ஒருவன் கம்பியோடு ஒட்டிக்கொண்டபோது மரக்கட்டையால் தட்டிப் பிரித்தது நான்தான். அவன் கருகிய வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்தக் கரண்டை என் மகள் தலையில் விடுவதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். எத்தனை வோல்ட் என்றேன். நூற்றுச் சொச்சம், ஒரு நொடிகூட இல்லை என்றார். மெஷினைப் பார்க்க வேண்டும் என்றேன். ப்யூஸ் என்ன போட்டிருக்கிறீர்கள், எர்த் யார் அடித்தது என்று கேட்டேன். இதுவரை எந்தத் தகப்பனும் தன்னிடம் எர்த்தைப் பற்றிக் கேட்டதில்லை என்று டாக்டர் சிரித்துவிட்டார். மெஷினைக் காட்டவும் செய்தார். நான் குனிந்து வயரைப் பிடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால் மறுக்க வழியில்லாமல் போயிற்று.

புருஷன் கையெழுத்துதான் வழக்கம் என்றார்கள். நீங்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால். உங்களுக்கு எழுதினால் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவீர்கள் என்ற பயம் எனக்கு. உங்கள் இடத்தில் நான் போட்டேன். உங்களைக் கேட்காமல் செய்த பெரிய காரியம் இது. பூமாரியை நீங்கள் மன்னிக்கலாம், இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியவில்லை.

ஊசி போட்டுத் தூங்கவைத்துத்தான் செய்கிறார்கள். முதல் நாள் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ லட்சம் தடவை கேட்ட சத்தம். காதைப் பொத்திக்கொண்டேன்.

ஆறு தடவை வைக்க வேண்டும். மூன்று முடிந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் தூங்கினாள். மூன்றாவது முடிந்து எழுந்ததும் ஆஸ்பத்திரிச் சோறு விறைத்துக் கிடக்கிறது, இதை மனுசர் தின்பாவளா என்று தட்டைத் தள்ளினாள். விஷம் என்று சொல்லவில்லை பாருங்கள். பார்வதி அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரேடியோ பேச்சே இல்லை. சில சங்கதிகள் அவளுக்கு மறந்திருக்கின்றன. இது எந்த மாதம் என்று கேட்கிறாள். டிரம் ஞாபகம் இல்லை. மறதி பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். அவர் பெரும்பாலும் என்று சொல்லும்போதெல்லாம், மீதி எவ்வளவு என்று கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் அவர் சொன்னார். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பேனாவை இரண்டு தடவை மூடினேன். அடுத்த பிரசவத்திலும் இது திரும்ப வரலாமாம். வராமலும் போகலாமாம். முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவைத்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்கிறார். இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் அவளை வேண்டாம் என்றால், உங்களை எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் தெரியாமல் அழைத்துப்போக நான் விடமாட்டேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மதினியை அனுப்பாதீர்கள். மதினி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கோடாங்கி அடித்தபோது நானும் கெட்ட எண்ணத்தில் பேராச்சி கையைப் பிடிக்கவில்லை. பாதியில் கூட்டிக்கொண்டுபோய்ச் சங்கிலியில் போட்டால் இந்த மூன்றும் வீணாகும், அவள் சாப்பாட்டை மறுபடியும் நிறுத்துவாள், அதற்குப் பிறகு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். நான் விட்ட கேள்வி ஏதாவது இருக்கும், நீங்கள் படித்தவர். உங்களுக்கும் பயமாக இருக்கும். பயம் தெளியட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே வாருங்கள். நீங்களும் அவளும் பிள்ளையும் நூறு வயது ஒன்றாக இருக்க வேண்டும் என்று தினம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலையில் நடந்ததை எழுதி முடிக்கிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் பிள்ளையை அவளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கொண்டுபோனோம். கட்டிலில் தலை சீவி உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள். பார்வதி என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை என் கையில் இருந்தது. நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. பேராச்சி என்னையே பார்த்துவிட்டு, பயமா இருக்காப்பா என்று கேட்டாள். இல்லை தாயி, காலையில் சாய் குடிக்காமல் வந்துவிட்டேன், அதுதான் சுறுசுறுப்பு இல்லை என்றேன். அவள் மடியில் பிள்ளையை வைத்தேன். ஒரு சாண் தள்ளி, எழுந்திருக்கத் தோதாக உட்கார்ந்துகொண்டேன். அவள் பிள்ளையின் காதை மடக்கிப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். அப்படியே உங்கள் சாடைதான் என்றாள், மாப்பிள்ளை. பார்வதி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளிடம் சொல்லாமல் விட்ட பதிலை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன். பயமாகத்தான் இருந்தது, தாயி. உன்னைக் கண்டுதான் பயம். அந்தப் பயத்தோடுதான் பிள்ளையை உன்னிடம் கொடுத்தேன்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்க்கும் மாமா
வானமாமலை