முகம் தெரிய வேண்டும் என்றீர்கள்

சாமி,

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் அறையைக் காலி செய்த, சர்ச் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை, உங்கள் சவரப் பெட்டியை நேற்று என் சலூன் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். திறந்ததும் அந்த மலிவு சோப்பு வாசனை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளிருந்ததை ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

பங்குச் சாமியாராகக் கோவில்பட்டிக்கு வந்த நாள் முதல், ஓய்வு பெற்ற பிறகும், பஸ் ஸ்டாண்டில் கிடப்பவர்கள்தான் உங்கள் குடும்பம். சோறு கொடுத்தீர்கள், ஆஸ்பத்திரியில் உடனிருந்தீர்கள், கேட்பாரில்லாமல் செத்தவர்களுக்குக் குழி வெட்டும்போதும் நின்றீர்கள். சனிக்கிழமைதோறும் அவர்களுக்கு முடி வெட்டி, தாடி மழிக்க வேண்டும் என்பது உங்கள் தனிப் பிடிவாதம். முதலில் என்னைத்தான் கேட்டீர்கள்.

"அவியள இந்தச் சேர்ல உக்கார வச்சா, நாளைக்கு ஒரு ஆளு உள்ள வரமாட்டான் சாமி" என்றேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. தண்ணீர் மக்கும் கத்தியுமாக என் கடைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் வேலை மகா மோசம். ஒரு பக்கக் கிருதா ஏறியிருக்கும், மறுபக்கம் இறங்கியிருக்கும். நான் வாய்விட்டே சிரிப்பேன். நீங்களோ, "அழகுக்கா செய்யுதேன்? முகம் வெளிய தெரிஞ்சாத்தான அண்ணாச்சி, தேடி வாரவியளுக்கு ஆளு தெரியும்" என்பீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். வாசலில் நின்று ஒரு பெண் போட்டோவை நீட்டினாள்.

"எங்க அண்ணன். புத்தி கொஞ்சம் சரியில்ல. இடது புருவம் பாதிதான் இருக்கும். நாகலாபுரத்துல இருந்து வாரேன். பாத்தீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா, பாக்கல."

மறுநாள், எதிரே வெகுநாளாகச் சுருண்டு கிடந்த ஒருவருக்கு நீங்கள் முடி வெட்டினீர்கள். கேலி செய்ய வந்த நான், நெற்றி முடி விழுந்ததும் குனிந்து உற்றுப் பார்த்தேன். இடது புருவம் பாதிதான் இருந்தது.

அவள் தேடி வந்ததை உங்களிடம் சொன்னேன். அன்றே மூவரும் நாகலாபுரம் பஸ் ஏறினோம். விசாரித்துப் போனபோது காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள், மடியிலிருந்த பருத்தி சிதற ஓடி வந்தாள். அண்ணன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அந்தக் கடைக்காரருல்லா?" என்றாள்.

நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள். "இவியதாம்மா அடையாளம் கண்டு சொன்னாவ. அவ்வளவு தாடிக்குள்ள முன்னாலயே யாருக்குத் தெரியும்?"

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த சனிக்கிழமையே உங்கள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் பல கன்னங்கள் பிழைத்தன.

தாடி காரணமில்லை சாமி. அன்று அவள் நீட்டிய போட்டோவை நான் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பாமலே பதில் சொன்னேன். உங்கள் சர்ச்சுக்காரர்கள் உங்களிடம் வந்து பாவம் சொல்வார்கள். நான் வேறு சாமி கும்பிடுகிறவன், எனக்கு அந்த வழக்கமில்லை என்று தப்பித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வயதானவர் ஒருவர் மகன் படத்தோடு வந்தார். பாதிச் சவரத்தில் இருந்தவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துப் படத்தை வாங்கினேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தெரிந்த முகமில்லை.

"இங்கன இல்ல அண்ணாச்சி. வாங்க, ரயில்வே ஸ்டேஷன்லயும் ஒரு எட்டு பாத்துருவோம்" என்று கூட்டிப் போனேன். அங்கேயும் இல்லை.

பஸ் ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில இருந்து எத்தனையோ பேருகிட்ட நீட்டிட்டேன். நீங்கதான் கையில வாங்கிப் பாத்தீங்க" என்றார்.