மிளகாய்க் களத்தில் ஆறு கார்கள்

ஜூலை 8, செவ்வாய்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இங்கே யாரும் தேட மாட்டார்கள். அம்மா தூங்கிவிட்டாள். பேனா ஓடுவதுகூடப் பெரிய சத்தமாகக் கேட்கிறது.

அம்மாவிடம் சொன்ன பொய்யை முதலில் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விருதுநகரில் டியூஷன் கிடையாது. என்னோடு பதினொன்றாம் வகுப்பு படிக்கும் சாலிஹாவின் அண்ணன் தவுபிக், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், மிளகாய் வற்றல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியின் சிமெண்டுக் களத்தில் ரிமோட் கார் ரேஸ் நடத்துகிறார். முழ நீளக் கார். பேட்டரியில் ஓடுவது. மூன்று வாரமாக நான் அங்கேதான் போகிறேன்.

தவுபிக் அண்ணன் தன் பழைய காரை எனக்கு ஓட்டக் கொடுத்திருக்கிறார். மற்றவர்களுடையதும் விலை கூடிய கார் இல்லை. ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் அவர் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டுவார். உள்ளே ஒரே மாதிரி ஆறு மோட்டார். பார்க்காமல் ஒன்றை எடுத்துக் காரில் மாட்ட வேண்டும். முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "காசு போட்டு வேகத்த யாரும் வாங்கிறக் கூடாது தங்கச்சி" என்றார் முதல் நாள்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடம் முன்னால் பக்கத்து ரூம் வெடித்ததில் இடது கை முழங்கை வரை வெந்துபோனது. அன்றைக்குச் சத்தம் ஊர் வரை கேட்டது. நான் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டேன். அதிலிருந்து எந்தத் திடீர்ச் சத்தத்துக்கும் என் கை என்னைக் கேட்காமல் எதையாவது செய்துவிடுகிறது. அம்மா செல்போனைக்கூட வாசலில் வைத்துத்தான் சார்ஜ் போடுவாள். பேட்டரிக் கார் என்று தெரிந்தால்?

எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஒரு ரேஸுக்கு ஆறு பேர். கிட்டங்கியில் மூட்டை ஏற்றும் மேடைமேல் எங்கள் ரேஸின் ஆறு பேரும் ரிமோட்டோடு நின்றோம். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை இழுத்தால் கார் முன்னால் போகும், தள்ளினால் பின்னால். தவுபிக் அண்ணன் ஒரு லாரி ஹாரனைக் கொண்டுவந்திருந்தார். ரேஸ் தொடங்க அதை அடிப்பாராம். போன வாரம் வரை விசில்தான்.

ஹாரன் அடித்தது. என் விரல் விசையைத் தள்ளிவிட்டது. ஐந்து கார் முன்னால் போக, என் கார் மட்டும் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

களம் முழுக்கச் சிரிப்பு. சிவகாசி அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிற தங்கப்பாண்டியன் அண்ணன்தான் வாராவாரம் ஜெயிக்கிறவர். முப்பது வயதுக்கு மேலிருக்கும். கண் காரில் இருக்க, வாய் மட்டும் என் பக்கம் திரும்பியது. "பாப்பா, ரேஸ் இந்தப் பக்கம் நடக்குது. நீ சாத்தூருக்கா கெளம்பிட்ட?"

ஆறாவது வந்தேன். ஆறு பேர்தான்.

ஜூலை 14, திங்கள்

பள்ளியில் சாலிஹா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் ஹாரனுக்குக் கை தள்ளிவிட்டது. இன்றும் கடைசி. இனிமேல் போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் ட்யூட்டிக்குப் போனேன். ஒரு ரேஸ் ஓட்டியவர்கள் அடுத்த ரேஸுக்கு வளைவில் நின்று கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிட வேண்டும். சின்னவர் பெரியவர் யாருக்கும் விலக்குக் கிடையாது. எனக்கு முதல் வளைவு.

அங்கே நின்றபோது ஒன்றைப் பார்த்தேன். ஹாரன் அடித்ததும் ஆறு காரும் சேர்ந்தாற்போல் அந்த வளைவுக்கு வருகின்றன. ஓரத்தில் தங்கப்பாண்டியன் அண்ணன் கொண்டுவந்து போட்ட பேப்பர் ரோல் அட்டைக் குழாய்கள். களத்தில் எவ்வளவு பெருக்கினாலும் மிளகாய் விதை மிச்சம் இருக்கும். கார்கள் ஓட ஓட விதையெல்லாம் வளைவின் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. அதில் டயர் ஏறினால் கார் வழுக்கி, அட்டைக் குழாயில் முட்டி, இன்னொன்றின் மேல் ஏறி — நான் தும்மிக்கொண்டே மூன்று காரை நிமிர்த்தினேன். ஒரே ஒருவர்தான் தப்பித்தார். ரிமோட் கோளாறில் ஒரு எண்ணிக்கை தாமதமாகப் புறப்பட்டவர். உள்பக்கமாக ஒட்டி, சும்மா நடந்துபோகிற மாதிரி போய்விட்டார்.

அடுத்தடுத்து நான்கு ரேஸ் பார்த்தேன். மூன்றில் இதேதான்.

தாமதமாகப் போவது தப்பு என்று யார் சொன்னது?

ஜூலை 27, ஞாயிறு

மூன்றாவது.

விரலை விசையில் வைக்கவே இல்லை. ஹாரன் அடிக்கும்வரை ரிமோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அடித்தது. உடம்பு தூக்கிப் போட்டது. போடட்டும். ஒன்று என்று எண்ணிவிட்டு விரலை வைத்து இழுத்தேன். வளைவில் மூன்று கார் குவிந்து கிடந்தன. உள்பக்கமாகப் போனேன்.

மூன்றாவது, மூன்றாவது, மூன்றாவது.

இன்றைய முதல் ஆறு பேருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஜூலை மாத ஃபைனல். அதில் நானும் இருக்கிறேன். பழகுவதற்குத் தவுபிக் அண்ணன் சார்ஜரையும் பேட்டரியையும் வீட்டுக்கே கொடுத்துவிட்டார். "பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும், சார்ஜ் ஏறுறப்ப அங்கிட்டு இங்கிட்டுப் போகக் கூடாது" என்றார். சரி என்றேன். பையில் அது இருப்பதே நெருப்பைச் சுமக்கிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

எல்லாம் போச்சு.

பள்ளி விடுகிற நேரத்தில் வானம் கறுத்து இடி இடித்ததால் கம்பெனியில் வேலையை நிறுத்தி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். இடி மின்னல் என்றால் அப்படித்தான். அம்மா சீக்கிரமே வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் அடுப்படியில் சார்ஜ் போட்டேன். பக்கத்திலேயேதான் இருந்தேன். கொடியில் துணி நனைகிறதே என்று ஓடினேன். இரண்டு நிமிடம். இரண்டே நிமிடம்.

திரும்பி வந்தால் அம்மா நிற்கிறாள். சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பேட்டரியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடு. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சுடும். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மா கத்தவில்லை. "வெளிய போ" என்றாள். ஸ்விட்சை அணைத்தாள். பேட்டரி, சார்ஜர், கார் மூன்றையும் ஒன்றாக எடுத்து, இழுக்காமல் உரசாமல், கைக்குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினாள். முழுசாக. என் கார் முங்கி, குமிழி விட்டது.

அப்புறம்தான் அவள் கை ஆடுவதைப் பார்த்தேன்.

"என்னடி இது. வெடி மருந்தா?"

"காரும்மா."

"எவன் குடுத்தான்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டியூஷன் இல்லை என்பது வரை. அவள் அடித்திருக்கலாம். அடிக்கலையே. சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. சோறு திங்கல. நானும்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் தலை பின்னும்போது பின்னாலிருந்து கேட்டாள். "அது வெடிக்குமா வெடிக்காதா? ஒத்த வார்த்தையில சொல்லு."

வெடிக்காது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இன்னொரு பொய் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்தது என்று தோன்றியது.

"தப்பா சார்ஜ் போட்டா தீப்பிடிக்கும். ஒழுங்காப் போட்டா ஒண்ணும் ஆகாது."

ரிப்பனைக் கட்டிவிட்டுச் சொன்னாள். "எங்க கம்பெனியிலயும் இதத்தான் சொல்லுவாக." சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிப் போட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம நானும் வாரேன். என் கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன். சரியில்லைன்னா அங்கனயே குடுத்துட்டு வந்துரணும். அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

ஆகஸ்ட் 2, சனி

கார் காய்ந்துவிட்டது. ஆனால் உயிர் இல்லை. தவுபிக் அண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன். மோட்டாருக்குக் கரண்டைக் கூட்டிக் குறைத்து அனுப்புகிற பெட்டி போய்விட்டது. பேட்டரியை இனித் தொடவே வேண்டாம் என்று தவுபிக் அண்ணன் தனியாக எடுத்து வைத்துவிட்டு வேறு கொடுத்தார். பெட்டிக்கு மட்டும் அவரிடம் மாற்று இல்லை. எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டார். ஒருத்தர் வண்டி நின்றால் மற்றவர்கள் சாமான் கொடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம்.

சாயங்காலம் சிவகாசியிலிருந்து பைக்கில் கொண்டுவந்து கொடுத்தது தங்கப்பாண்டியன் அண்ணன். "தண்ணிக்குள்ள முக்குனியாமே. காரா, பணியாரமா?" என்றார். அவர் கைப்படவே மாட்டிவிட்டார். நாளைக்கு நான் ஜெயிக்க வேண்டியது இவரைத்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தூக்கம் வராது. முழுசாக எழுதிவிடுகிறேன்.

அம்மா களத்துக்குள் நுழைந்ததும் காரைப் பார்க்கவில்லை. சார்ஜ் போடுகிற மேஜைக்குத்தான் நேராகப் போனாள். ஆறு பேட்டரி நெருக்கமாக, நடுவில் செல்போன்கள், மேஜைக்கு அடியில் காலிச் சாக்குகள். "இதுக்குப் பொறுப்பு யாரு?" என்று கேட்டாள். தவுபிக் அண்ணன் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

"தம்பி, சாக்க இங்கன எதுக்குப் போட்டிருக்கீக? ஒண்ணு பிடிச்சா ஆறும் பிடிக்கும்ல. வெளிய, காத்தோட்டமா வைங்க. ஒண்ணுக்கொண்ணு ஒரு முழம் தள்ளி. மண்ணு வாளி எங்க?"

பெரிய ஆட்கள் எல்லாரும் மேஜையைத் தூக்கினார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. தங்கப்பாண்டியன் அண்ணன் சாக்கைச் சுமந்துகொண்டே, "தாயி, உங்கம்மாவ மொதல்லயே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா" என்றார்.

பிறகு ஃபைனல். ஐந்து நிமிடம். அதற்குள் யார் அதிகச் சுற்றோ அவர். சுற்றை எண்ண சாலிஹா. அம்மா மேடைக்குக் கீழே, வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஹாரன். உடம்பு தூக்கிப் போட்டது. ரிமோட் நெஞ்சோடு. ஒன்று.

இழுத்தேன். வளைவில் இரண்டு கார் அட்டைக் குழாயில் மூக்கைக் குத்தி நின்றன, இன்னொன்று மல்லாந்து கிடந்தது. உள்பக்கமாக மூன்றையும் தாண்டினேன். நான்காவது கார் அடுத்த சுற்றில் விதையில் வழுக்கியது. அப்புறம் எனக்கு முன்னால் மஞ்சள் கார் மட்டும்தான். தங்கப்பாண்டியன் அண்ணனுடையது.

அவர் தப்பே செய்யவில்லை. சுற்றுக்குச் சுற்று அதே இடைவெளி. இரண்டு கார் நீளம். பதினைந்து சுற்றுக்கு மேல் அப்படியே. ஆள்காட்டி விரல் மரத்துவிட்டது. ட்யூட்டியில் பார்த்ததையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். விதை ஒதுங்க ஒதுங்க, உள்பக்கம் கண்ணாடி மாதிரிச் சுத்தமாகிறது. அப்படியென்றால் அங்கே விசையை விடவே தேவையில்லையோ? இதுவரை யாரும் அங்கே முழு வேகத்தில் போனதில்லை. நானும்தான்.

"கடைசி ஒரு நிமிசம்" என்று சாலிஹா கத்தினாள்.

விடவில்லை. வளைவில் விசையை விடவே இல்லை. கார் ஒருபக்கம் லேசாகத் தூக்கியது, இறங்கியது, ஒட்டிக்கொண்டு போனது. ஒரு கார் நீளம். அடுத்த சுற்றில் அரை. அதற்கடுத்த சுற்றில் மஞ்சள் காரும் என் காரும் பக்கம் பக்கமாக வளைவுக்கு வந்தன. உள்பக்கம் என்னுடையது. வெளிப்பக்கம் அவருடையது. விதை அவர் பக்கம்.

முதலாவது.

சாலிஹா இரண்டு தடவை சரிபார்த்தாள். முதலாவதுதான். மேடையில் ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை, விரல்கள் பிரியவில்லை. தங்கப்பாண்டியன் அண்ணன் என் காரைத் தூக்கிவந்து டயரைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு வெத ஒட்டலையே. எங்கனலே ஓட்டுனா இவ" என்று மற்றவர்களிடம் கேட்டார். அவர் ஜெயித்த நாளிலும் இவ்வளவு பல் தெரிந்து நான் பார்த்ததில்லை.

அம்மா கை தட்டவில்லை. நான் கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நடுங்குதே."

"ஆமாம்மா. ஆரம்பத்துல இருந்தே."

"நடுங்கிக்கிட்டேதான் அம்புட்டும் ஓட்டுனயா?"

தலையாட்டினேன். கையை விடாமலே என்னை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தாள். காரைத் திருப்பிக் கொடு என்றும் சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா இன்னும் சொல்லவில்லை. கேட்கவும் பயம். கார் அரிசி டிரம் பக்கத்தில் இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை. அவளும் அதைச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மாவோடு கம்பெனி வேனில் போகிற பாண்டிமீனா அக்கா தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலை, கூலி கூட என்று ஃபோர்மேன் வேனில் வைத்துச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் சரி என்றார்களாம். அம்மா மட்டும், "ஞாயித்துக்கெழம நான் வரல" என்றாளாம்.

"ஏன் குருவம்மா, கல்யாண வீடா?" என்றாராம் ஃபோர்மேன்.

"எம்மகளுக்கு ரேஸு."

"என்ன ரேஸு?"

"காரு ரேஸு."

மொத்த வேனும் சிரித்ததாம். "சிரிங்க. ஆறு பேரு ஓட்டுனாக. அஞ்சும் ஆம்பளைக. எம்மக மொத ஆளா வந்தா. அங்கன சார்ஜ் போடுற எடத்துல எவனுக்கும் ஒரு எழவும் தெரியல, நான் போகாம எப்படி" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாளாம்.

"நெசமாவே நீ காரு ஓட்டுதியாடி?" என்று அக்கா கேட்டாள். குடம் நிரம்பி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஆறேகாலுக்கு வேன் வாசலில் வந்து நின்றது. அம்மா வெளியே போய், "நீங்க போங்க" என்று கையைக் காட்டினாள். வேன் போன பிறகு உள்ளே வந்து, "செல்வி, சீக்கிரம் குளி. ஏழு மணி பஸ்ஸ விட்டா லேட்டாயிரும்" என்றாள்.