நிற்காமல் ஓடிய வண்டி

அம்மாவுக்கு மகனின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? தைலம் தீருமுன்பே தம்பியிடம் சொல்லி வாங்கிவைத்துக்கொள்.

நான் வாங்கிய பழைய பைக் போன வாரம் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் அணைந்துவிடும், ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக்கை மாற்றினேன், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் பார்த்தால், சீட்டுக்கடியில் எர்த் வயர் துருப்பிடித்துக் கிடந்தது. தேய்த்து முறுக்கியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. வேகத்தைச் சரிசெய்யும் ஐடில் ஸ்குருவைக் கொஞ்சம் திருப்பினேன், வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் அணையாமல் நிதானமாக ஓடியது.

அன்று லீவு, வாசலில் வேறு சத்தமே இல்லை. அணைக்க மனம் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ரொம்ப நேரமா ஓடுதே, எங்கயாவது கிளம்புறீங்களா?" என்றார்.

"இல்லைங்க, சும்மா செக் பண்றேன்" என்றேன்.

அம்மா, இனிமேல் பேசி முடித்ததும் போனை கட் பண்ணிவிடாதே. அடுப்பு மேடையில் அப்படியே வைத்துவிட்டு உன் வேலையைப் பார். உன் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், நான் குறுக்கே பேசமாட்டேன்.

சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு ஓடுகிறேன்.

உன் மகன்