பைனாகுலர் பற்றி மாப்பிள்ளைக்கு ஐந்து குறிப்புகள்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் குழந்தையும் உங்கள் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றியும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவதுதான் முறை. இந்த ஒரு தடவை அதைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

கடிதம் வீட்டுக்கு வராமல் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருப்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். போனில் பேசினால் நீங்கள் பிரியமாக ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். குழந்தை அழுகிறது, பாத்திரம் உருளுகிறது, நடுவில் உங்கள் அத்தை, "சாப்டாச்சா? கதவைப் பூட்டினீங்களா? நல்லா இழுத்துப் பாத்தீங்களா?" என்கிறாள். நான் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் பேச்சே முடிந்துவிடுகிறது. இது உங்களுக்கு மட்டும் எழுதுவது.

சென்ற மாதம் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். "மாமா, உங்க எழுபதாவது பிறந்தநாளுக்கு நல்ல பைனாகுலரா ஒண்ணு வாங்கித் தரேன், எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க" என்பது ஒன்று. "அத்தை இன்னும் மூணு மாசம் இருந்துட்டு வரட்டுமா? இவளும் வேலைக்குத் திரும்பணும்" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் "பார்க்கலாம்" என்றேன். இப்போது பதில். அலுவலகப் பழக்கம் விடவில்லை, அதனால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. எட்டு மடங்கா, பத்து மடங்கா.
2. முன்பக்கக் கண்ணாடியின் அகலமும் கருவியின் எடையும்.
3. கடையில் பார்த்த மூன்று கருவிகளிலும் வலது குழாயில் கண்ட குறை. (இது சற்று நீளும்.)
4. முடிவாக எதை வாங்கலாம், எப்போது.
5. உங்கள் அத்தை அங்கே மேலும் மூன்று மாதம் இருப்பது. எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதல் குறிப்பு. பைனாகுலரின் மேல் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். எட்டு பெருக்கல் நாற்பத்திரண்டு, பத்து பெருக்கல் நாற்பத்திரண்டு என்பது போல. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பத்துதான் உசத்தி என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் கருவி பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. பக்கத்துத் தெருவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் ஏரிக்குப் போகிறோம். அவர் வைத்திருப்பது பத்து. ஸ்டியரிங் பிடித்த கை, ஆடாது. அதை வாங்கி நான் பார்த்தால் நீர்க்கோழி நாட்டியம் ஆடுகிறது. "ஆபீசர், கோழி சும்மாதான் நிக்குது, நீங்கதான் நீந்துறீங்க" என்றார். எட்டு போதும்.

இரண்டாவது குறிப்பு. இரண்டாம் எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அகலம் கூடினால் விடிகாலை மங்கலிலும் துலக்கமாகத் தெரியும், ஆனால் எடையும் கூடும். நாற்பத்திரண்டு அகலக் கருவி ஏறக்குறைய எழுநூறு கிராம், முப்பத்திரண்டு ஏறக்குறைய ஐந்நூறு. என் கழுத்து எதைத் தாங்கும் என்று தெரியவில்லை. எனவே எழுநூறு கிராம் சர்க்கரையை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தேன். மறுநாள் ஐந்நூறு கிராமோடு. இரண்டாம் நாள் எறும்பும் கூட நடந்தது. உங்கள் அத்தை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துச் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, கூடத்தில் எதிரொலித்தது. முப்பத்திரண்டே நல்லது.

(இங்கே எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவந்தேன். அணைத்துத்தான் இருந்தது.)

மூன்றாவது குறிப்பு. பைனாகுலரை ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள ஒரு முறை உண்டு. வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, வலது குழாயில் உள்ள சின்ன வளையத்தைத் திருப்ப வேண்டும். ஓட்டுநர் இதையெல்லாம் செய்வதில்லை. நான் ஒவ்வொரு தடவையும் செய்வேன். நான்கு வாரங்களுக்கு முன் ஏரியில் ஒரு முக்குளிப்பானைப் பார்த்து அப்படிச் சரிசெய்துகொண்டிருந்தேன். இடது கண்ணில் பறவை இருந்தது. வலது கண்ணுக்கு மாறியதும் முங்கிவிட்டது. திரும்ப இடது கண், பறவை மேலே. வலது கண், முங்கிவிட்டது. நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்: ஆறு நிமிடத்தில் பதினோரு தடவை முங்கியது. இவ்வளவு சுறுசுறுப்பான முக்குளிப்பானை நான் கண்டதில்லை என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது முங்கவே இல்லையே ஆபீசர். வந்ததிலேருந்து அங்கேயே உக்காந்து உங்களைத்தான் வேடிக்கை பாக்குது" என்றார்.

அவருடைய கருவியின் வலது குழாயில் கோளாறு என்று நான் முடிவு செய்தேன். அவரிடம் சொல்லவும் செய்தேன். அவருக்கு வருத்தம். இரண்டு ஞாயிறு என்னிடம் கருவியைத் தரவில்லை.

பிறகு கடைக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியும் பைனாகுலரும் விற்கிற கடை, நடத்துவது ஓர் அம்மாள். மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். கடை வாசலில் நின்று, எதிர்ச் சாரியில் இருக்கும் பல் மருத்துவரின் பலகையைப் பார்த்துச் சோதித்தேன். முதல் கருவியில் இடது குழாய் துல்லியம். வலது குழாயில் பலகையின் இரு ஓரமும் தெரிகின்றன, நடுவில் நான்கைந்து எழுத்துகளைக் காணோம், சட்டம் உள்வாங்கி வளைந்திருக்கிறது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. நோட்டில் கோடு போட்டு மூன்றையும் நிரப்பினேன். மிகுந்த தயக்கத்தோடு, உங்கள் சரக்கு முழுவதுமே ஒரே தொகுப்பில் வந்த குறைச் சரக்கு போலிருக்கிறது, விற்பதற்கு முன் திருப்பி அனுப்பிவிடுவது உங்களுக்கும் நல்லது என்றேன்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "ஐயா, மூணு கம்பெனி, மூணு பேரும் கூடிப் பேசியா வலது பக்கத்தைக் கெடுத்தாங்க?" என்றார். பிறகு என் கையிலிருந்ததை வாங்கி மேல்கீழாகப் புரட்டி, "இப்ப இப்படியே வச்சுப் பாருங்க" என்றார். புரட்டினால் வலது குழாய் இடப்பக்கம் வந்துவிடும் அல்லவா. அந்தக் குறையான குழாய் இப்போது என் இடது கண்ணில் இருந்தது. அதில் பலகை முழுவதும் தெரிந்தது. கடைசியில் இருந்த போன் எண் வரை படித்தேன். நல்ல குழாய் என் வலது கண்ணில் இருந்தது. அதில் நடுவே எழுத்துகளைக் காணோம்.

மாப்பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசு பிடித்துப் பார்த்தவன். இரு தட்டும் சரியில்லை என்று சந்தேகம் வந்தால், கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் முதல் பாடம். குறை கல்லோடு கூடவே போனால் கல்லில் கோளாறு. அதே பக்கத்தில் நின்றால் தராசில் கோளாறு. ஆயிரம் தராசுக்குச் செய்ததை இந்த மூன்று கருவிக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. குறை அதே பக்கத்திலேயே நின்றது. தராசு நான்தான்.

"கண் டாக்டரைப் பாத்துட்டு வாங்க, பைனாகுலர் எங்கயும் போயிடாது" என்றார் அந்த அம்மாள். உட்கார நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பது சிரமமாக இருக்கும் போல் இருந்தது.

போன மூன்று மாதமாகத் தேநீரை டம்ளருக்கு ஒரு விரற்கடை வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கெண்டியின் மூக்கு சரியில்லை என்று கெண்டியை மாற்றினேன். இடது புறங்கையில் லேசான கொப்புளம், ஆறிவிட்டது.

கண் டாக்டர் நம் பெண் வயதுதான் இருப்பார். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, வலது கண்ணால் பார்க்கச் சொன்னார். நடுவில் கட்டங்கள் சுருங்கி ஓரிடத்தில் இல்லாமலே போயிருந்தன. தாளில் அச்சு சரியாக விழவில்லையோ என்றேன். "காலையிலேருந்து இருபது பேர் இதே தாளைத்தான் பாத்தாங்க சார்" என்று சிரித்தார். விழித்திரையின் நடுவில் சின்ன ஓட்டையாம். தானாக மூடாது. அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விடுவார்கள். அந்தக் குமிழி மிதந்து போய் ஓட்டையை அழுத்திப் பிடித்திருப்பதற்காக, ஒரு வாரம் பகலும் இரவும் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். உண்பதும் உறங்குவதும் அப்படியே. நாள் கடத்தினால் பார்வை திரும்புவது கடினம். இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி குறித்திருக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும் என்றுதான் சொன்னார். பெரும்பாலும் என்றால் நூற்றுக்கு எத்தனை என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

நர்ஸ் ஒரு படிவம் கொடுத்தார். "உடனிருப்பவர்" என்ற இடத்தில் யோசிக்காமல் உங்கள் அத்தையின் பெயரை எழுதிவிட்டேன். "அவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?" என்றார். கடல் தாண்டி இருக்கிறாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வந்துவிடுவாள் என்றேன். இது நான் சொன்ன பொய். உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

நான்காவது குறிப்பு. எட்டு பெருக்கல் முப்பத்திரண்டு. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் மடக்கிக்கொள்ள வசதியாகக் கண் பக்கத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஆனால் இப்போது வாங்க வேண்டாம். சிகிச்சைக்குப் பின் பார்வை எவ்வளவு திரும்பும் என்று தெரிய மாதங்கள் ஆகுமாம். ஓட்டுநரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் கருவியை எடுத்துத் துடைத்தார். பிறகு, "ஒத்தைக் குழாயா வாங்கிடலாம் ஆபீசர், எடையும் பாதிதான்" என்றார். அன்று அவருடைய பத்து மடங்குக் கருவியை என் கழுத்தில் மாட்டிவிட்டு, வீடு வரை கூட வந்தார்.

ஐந்தாவது குறிப்பு. என் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், மூன்று மாதக் குழந்தையை யாரிடமோ விட முடியாது. நியாயமான தேவை. அத்தை தாராளமாக இருக்கட்டும். மருத்துவமனைக்கு ஓட்டுநர் வருவார். "ஏழு நாள்தானே, நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருக்கேன், உங்களால எழுந்து ஓட முடியாது, எனக்கும் சௌகரியம்" என்கிறார். நல்ல மனிதர். ஆகவே அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம். எல்லாம் முடிந்தபின் நானே சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தைக்கு என் ஆசிகள். கழுத்து நின்றுவிட்டதா? மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை, மேலே உள்ளதோடு கையெழுத்திட்டு, உறையில் போட்டு, ஒட்டி, தபால் நிலையம் வரை போய்விட்டேன். வாசலில் மூன்று படிகள். எத்தனையோ வருடமாக ஏறுகிற படிகள்தான். முதல் படிக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. படி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் அத்தை என்னோடு நடக்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் "படி" என்பாள். கொஞ்ச காலமாக இந்தப் பழக்கம். எனக்குத் தெரியாதா என்று பல தடவை சிடுசிடுத்திருக்கிறேன். அங்கே நின்றபோதுதான் யோசித்தேன். அவள் வாய் ஓயாமல் பேசுகிறவள்தான், ஆனால் காரணம் இல்லாமல் ஒரு வார்த்தையைத் தினமும் சொல்கிறவள் இல்லை. எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன என்று தெரியாமலே தெரிந்திருக்கிறது.

பின்னால் வந்த ஒருவர், "ஏறுறீங்களா பெரியவரே?" என்றார். இல்லை என்று திரும்பிவிட்டேன்.

உறையைக் கிழித்துவிட்டேன். மறுபடி முழுவதும் எழுதத் தெம்பில்லை, இதையே ஓட்டுநரிடம் கொடுத்துக் கூரியரில் அனுப்புகிறேன். எங்கள் அலுவலகத்தில் பதிந்ததை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஐந்தாம் குறிப்பில் அப்படிச் செய்திருக்கிறேன், மேலே வரிசையிலும்தான். உங்களுக்கும் மகளுக்கும் இது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாய் திறந்து நான் எதுவும் கேட்டதில்லை.

பத்தொன்பதாம் தேதிக்குள் உங்கள் அத்தையை அனுப்பி வையுங்கள். ஐந்தாவது குறிப்பு தவறு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்