முன்னறையில் ஒரு பம்ப் அறை

தலைமன்னாரில் கட்டும் விடுதியின் நீச்சல் குளத்துக்குப் பம்ப் அறை வரைந்து கொடுப்பது அனிற்றாவின் வேலை. காகிதத்தில் அளவு பிடிபடவில்லை என்று, வீட்டு முன்னறை நிலத்திலேயே அதை முழு அளவில் சோக்கால் கீறிவிட்டாள். முசலிப் பக்கத்து மீன் வாடியில் தங்கி வேலை செய்யப் போயிருந்த கணவன் கொலின்ஸ் இரண்டு கிழமைக்குப் பிறகு இன்று மத்தியானம்தான் வருகிறான். அவளுக்கோ காலை பஸ். மூடி வைத்த சோற்றுக் கோப்பையின் கீழே சீட்டு எழுதி வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, மீன் திண்டு அலுத்திருப்பியள். கத்தரிக்காய்ப் பால்கறி வைச்சிருக்கிறன். வெளியில போனால் கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுக் கிறேஸ் அக்காட்டைக் குடுங்கோ. சோக்குக் கோட்டை மிதிச்சு அழிச்சுப்போடாதேங்கோ. தண்ணிப் பீப்பாதான் வடிகட்டி, கதிரைதான் மோட்டர். ரெண்டையும் இருக்கிற இடத்தில இருந்து அரக்கவேண்டாம்."

வாடிக்குப் புறப்பட்ட அன்று அவன் கோபத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. "இந்த வீட்டில உன்ர வேலைக்குத்தான் இடம். எனக்கு நிக்கவும் இடமில்லை." இப்போது சீட்டின் அடியில் நுணுக்கி எழுதினாள்.

"பீப்பாக்கும் சுவருக்கும் நடுவில ஒராள் நிண்டு பழுது பார்க்க இடம் விடவேணும். உங்கட நீலச் சேட்டை விரிச்சு வைச்சுத்தான் அந்த அகலம் எடுத்தனான். அதை எடுத்து மடிச்சுப்போடாதேங்கோ."

பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. செருப்பைப் போட்டவள் திரும்பி வந்து, ஓரத்தில் மிஞ்சியிருந்த இடத்தில் சேர்த்தாள்.

"சேட்டு அளவு சரிவராது. வரைபடம் நாளைக்குத்தான் குடுக்கிறது. பின்னேரம் வந்து உங்களை வைச்சு அளக்கிறன். அந்த இடத்திலேயே நில்லுங்கோ."