ஆரஞ்சுப் பயலும் நம் ஆளுக்கொரு கையும்

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் மோர் பாக்கெட் வாங்க நின்றேன். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ஜூஸ் பாட்டிலின் மேல் உங்கள் ஆரஞ்சுப் பயல் நின்றுகொண்டிருந்தான். தலையில் ஒற்றை இலை, காலில் வெள்ளை ஷூ, இடுப்பில் இரண்டு கை, அதே திமிர். இத்தனை வருடம் எங்கே போயிருந்தானோ தெரியவில்லை. கம்பெனி பழைய படத்தையே மறுபடியும் லேபிளில் போட்டிருக்கிறதாம். "இப்ப பழசுதான்மா ஃபேஷனு. ஒண்ணு குடுக்கவா?" என்றார் கடைக்காரர். எனக்குச் சர்க்கரை என்று அவருக்கும் தெரியும். "குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து முன்ஹாலில் உட்கார்ந்துதான் மூடியைத் திருகினேன். மூக்கில் ஏறும் அந்தப் பொய் ஆரஞ்சு வாசனை! கல்யாணமான புதிதில் உங்கள் சட்டையில், தலையில், வேன் சீட்டில் எல்லாம் இருந்ததே, அதே வாசனை. ஒரு வாய்கூடக் குடிக்க முடியவில்லை. பாட்டிலை எதிரில் வைத்துக்கொண்டு அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குக் காப்பி போடவே நேரம் சரியாக இருந்தது.

அந்தப் பயலை நீங்கள் நமக்கு ஒரு உறவு மாதிரித்தான் கொண்டாடினீர்கள். வேனின் இரண்டு பக்கமும் அவன் படம் இருக்கும். காலையில் சரக்கை ஏற்றிக்கொண்டு கானாடுகாத்தான், கொத்தமங்கலம் என்று கடை கடையாகப் போட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் வருவீர்கள். அந்த வருடம் உங்கள் லைனில்தான் விற்பனை அதிகம் என்று ஏஜென்சிக்காரர்கள் மதுரைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். மேஜையில் பலதையும் அடுக்கி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். நீங்கள் தூக்கி வந்தது ஒரு வீடியோ கேம் பெட்டி. கம்பெனியே வெளிநாட்டில் போட்ட விளையாட்டு. கதாநாயகன் இந்தப் பயல்தான்.

"குக்கர் இருந்துச்சாமே?"

"இருந்துச்சு."

"அத விட்டுப்புட்டு இதையா தூக்கிட்டு வந்தீக?"

"நம்ம பய நடிக்கிறான்டி இதுல. குக்கர்ல யாரு நடிக்கிறா?"

ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தேன். நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து அவனைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு கயல் பிறந்தாள், வளர்ந்தாள், அவளும் இரண்டு நாள் விளையாடிவிட்டுச் சலித்துப் போனாள். பெட்டி பரணுக்குப் போனது. கம்பெனியும் பயலை மாற்றிவிட்டு வேறு ஏதோ படம் போட்டது. வேனில் அவனை அழித்துப் புதுப் பெயிண்ட் அடித்த அன்றைக்கு நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கும் உங்களைக் கேலி செய்தேன்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன பக்கவாதம். வலது கை, வலது கால், வாய். ஊரெல்லாம் பேசிச் சரக்கு விற்ற மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் தொண்டைக்குள் ஏதோ உருளும், வெளியே வராது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் பிசையச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால் தூக்கி வாசலில் எறிந்தீர்கள். அவள் கோபிக்கவில்லை. "பந்தப் பிசையச் சொன்னா யாருக்கும் வெறுப்பாத்தான் இருக்கும்மா. அவுகளுக்குப் புடிச்சதாப் பாத்து அந்தக் கைக்கு வேல குடுங்க. சும்மா மட்டும் விட்றாதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கயல் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நேரம் அது. அவள்தான் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினாள். பழைய குண்டு டிவியில் வயரைச் சொருகினாள். கேசட்டை உங்கள் வாயருகே கொண்டுவந்து, "ஊதுங்கப்பா, நீங்கதான ஊதிப் போடுவீக" என்றாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, காற்று பக்கவாட்டில் போனது. நான் வாங்கி ஊதினேன். திரையில் பயல் வந்து இடுப்பில் கை வைத்தான். நீங்கள் சிரித்தீர்கள். பாதி முகம்தான் சிரித்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் விளையாட முடியவில்லை. பெட்டியோடு வந்த ரிமோட்டின் இடது பக்கம் நடக்க வைக்கும் கட்டை, வலது பக்கம் குதிக்க வைக்கும் பொத்தான். உங்களிடம் ஒரு கைதான் இருந்தது. பயல் திரையில் இருந்த சாப்பாட்டு மேஜையின் விளிம்பு வரை நடந்து போய் நின்றுவிட்டான். நீங்கள் அவனைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் பெஞ்சில் உங்கள் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, செயலில்லாத உங்கள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, ரிமோட்டின் மறுபாதியைப் பிடித்தேன். கயல் சிரித்தாள். "ஒரு பயலுக்கு ரெண்டு டிரைவரா?"

ஆமாம், ஆளுக்கொரு கை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் நாம் சேர்ந்து செய்த வேலை அதற்கு முன் என்ன இருந்தது? நீங்கள் லைனில் இருப்பீர்கள், நான் கரண்ட் பில் கவுண்டரில் இருப்பேன். இரவு சாப்பாட்டில் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் தரை நேராக இருக்காது. மாடி மூலையில் நின்று நம் ஹாலின் ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தால் கட்டம் கட்டமாகச் சாய்ந்து தெரியுமே, அப்படி. நேரே போக வேண்டுமென்றால் கட்டையைக் கோணலாக அமுக்க வேண்டும். எனக்கு அது கடைசி வரை பிடிபடவில்லை. சந்துகளில் வேன் ஓட்டிய உங்கள் இடது கைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. என் பக்கம்தான் தொல்லை. கவுண்டரில் வரிசையைச் சரசரவென்று அனுப்பிப் பழகிய விரல் ஒரு நொடி பொறுக்காது, விளிம்பு வருவதற்குள் அமுக்கிவிடுவேன். பயல் தவறி விழுந்து, தரையில் ஒரு சொட்டுச் சாறாகப் பரவிப் போவான். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். "சரி சரி, புழிஞ்சுட்டேன். மொறைக்காதீக" என்பேன்.

ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேஜையிலிருந்து அலமாரிக்குத் தாவுகிற இடம். எத்தனையோ முறை அங்கே அவனைப் பிழிந்திருக்கிறேன். அன்றும் விரல் துடித்தது. காதருகில் ஒரு குரல், கரடுமுரடாக, இழுத்து இழுத்து:

"இரு... இரு..."

விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தேன்.

"இப்ப."

நான் அமுக்கவே இல்லை. ரிமோட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் ஒரு சொல் வராத வாயிலிருந்து தெளிவாக இரண்டு சொல்! நான் அழத் தொடங்கினேன், நீங்களோ பல்லைக் கடித்துக்கொண்டு திரையைக் காட்டினீர்கள். பயல் விழுந்து சாறாகிவிட்டான். உங்கள் கவலை உங்களுக்கு.

அதன்பின் அந்த இரண்டு சொல்தான் நம் வீட்டுப் பாஷை. உங்கள் அக்கா கொத்தமங்கலத்திலிருந்து பார்க்க வந்தாரே, நினைவிருக்கிறதா? வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். "ஏம்மா, ஆளு முடியாமக் கெடக்கான். நீ என்னமோ சின்னப்புள்ள கணக்கா அவன ஒக்கார வச்சு வெளாடிக்கிட்டு இருக்கியே?" நான் வாயைத் திறப்பதற்குள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நீங்கள் சொன்னீர்கள்: "இரு." மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தம்பி பேசிருச்சா? பேசிருச்சா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பொழுது சாயும் வரை பஸ்ஸையும் மறந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அங்குட்டுப் போகாதப்பா, அங்குட்டு முள்ளு நிக்கிது!" என்று நம்மைவிடச் சத்தம் போட்டது அவர்தான்.

அலமாரி தாண்டி, மளிகைக்கடை தாண்டி, திருவிழாத் திடல் தாண்டி, கடைசியில் ஜூஸ் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தோம். "புழியிற எடத்துக்குத் தானா வந்து நிக்கிறானே, கூறுகெட்டவன்" என்றேன். உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தொழிற்சாலையின் உச்சியில் பாட்டில் மூடிகள் ஒவ்வொன்றாக அந்தரத்தில் மிதந்து வரும். அவற்றின் மேல் தாவித் தாவிப் போனால் ஒரு கதவு. அந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தீராத ஆசை. மூடி நகரும்போது அதன் நிழல் கீழே எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் நீங்கள் நேரம் சொல்வீர்கள். குதிக்கும் சமயத்தில் என் மடியில் கிடக்கும் உங்கள் வலது கையின் சுண்டுவிரல் லேசாகத் துடிக்கும். உங்களுக்கே அது தெரியாது. நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நன்றாக அசைந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

கடைசி மூடி வரை வந்துவிட்டோம் ஒரு சாயங்காலம். எதிரே கதவு. "இரு... இரு..." என்றீர்கள். வெளியே மழையும் காற்றும் பேயாட்டம் ஆடின. எங்கோ மரக்கிளை முறிந்த சத்தம், கரண்ட் போய்விட்டது. எந்த இடத்தில் விட்டோமோ அங்கிருந்து தொடரும் வசதியெல்லாம் அந்தப் பழைய பெட்டியில் இல்லை. மறுபடி சாப்பாட்டு மேஜையிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது. இருட்டில் நீங்கள் என் பக்கம் திரும்பி, மூச்சைச் சேர்த்து, "உங்க... ஆபீசு" என்றீர்கள். கரண்ட் ஆபீஸ்காரி இருக்கும் வீட்டில் கரண்ட் போனதைக் கேலி செய்தீர்கள்! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு என் முழங்கையைத் தட்டி இன்னொரு சொல்லும் சொன்னீர்கள். "நாளைக்கு."

ஒரே நாளில் மூன்று புதுச் சொல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கயலுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். "அப்பா சீக்கிரமே சண்டை போட ஆரம்பிச்சிருவாருடி" என்றேன்.

மறுநாள் காலையில் காப்பியோடு வந்து எழுப்பினேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

போன மாதம்தான் தலைத் திவசம் முடிந்தது. நீங்கள் போன பிறகு பெட்டியைத் தொடவில்லை. துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பாட்டிலை வாங்கி வந்து அழுது முடித்ததும் துணியை எடுத்து டிவியைப் போட்டேன். படம் மேலும் கீழும் சுருங்கி, நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரிந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இனி பார்ட்ஸ் கெடைக்காதும்மா. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். புது டிவியில் இந்த வயரைச் சொருக இடமில்லை. இது செத்தால் அந்தக் கதவும் போயிற்று. நீங்கள் பார்க்க ஆசைப்பட்டதை நானாவது பார்த்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்தேன். உங்கள் கை செய்த வேலையை என் இடது கை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அது ஒரு மண்ணும் தெரியாத கை. பயலைச் சுவரில் முட்ட வைத்தது, முள்ளில் நடக்க வைத்தது. ஆனால் வலது கைதான் அதைவிட மோசம். விளிம்புக்கு வந்ததும் கட்டைவிரல் அமுங்க மறுத்தது. அவசரக்காரி என்று பெயர் வாங்கிய என் விரல்! கடைசியில் நானே வாய்விட்டுச் சொன்னேன், நீங்கள் சொல்கிற மாதிரியே இழுத்து: "இரு... இரு... இப்ப." அமுங்கியது. அதன்பின் ஒவ்வொரு தாவலுக்கும் சொன்னேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையில்லை.

நேற்று கடைசி மூடிக்கு வந்தேன். படம் ஒரு கையகலத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. மழை இல்லை, கரண்டும் போகவில்லை. நிழலைப் பார்த்தேன், "இப்ப" என்றேன். பயல் கதவுக்குள் போய்விட்டான்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரு பெரிய பாட்டில். பயல் அதில் தலைகீழாகக் குதிக்கிறான், மூடி வந்து மூடிக்கொள்கிறது, பாட்டிலைச் சுற்றி விளக்கு எரிகிறது. விளம்பரம்! நாம் இத்தனை நாள் உயிரைக் கொடுத்து ஓட்டியது ஒரு விளம்பரத்துக்கு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தீகளா, கடைசியிலயும் சரக்குத்தான் விக்கிறான் ஒங்க பய!" என்று இடது பக்கம் திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் தெரிந்தது. நான் இந்த ஒரு மாதமும் பெஞ்சின் வலது ஓரத்திலேயே உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன். உங்கள் இடம் அப்படியே காலியாக இருந்தது. மடியில் கை இல்லை. எனக்குக் கதவு வேண்டாம், பாட்டில் வேண்டாம். அந்தச் சுண்டுவிரல் ஒருமுறை துடித்தால் போதும். நீங்கள் இல்லாமல் நான் ஏன் ஜெயித்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

விளம்பரம் முடிந்து, இன்னொரு முறை விளையாடவா என்று திரை கேட்டது. ஆமாம் என்ற இடத்துக்குக் கட்டையை நகர்த்தினால் போதும், பொத்தானை நான் அமுக்கிவிடுவேன். நகர்த்துவது உங்கள் பக்கத்து வேலை. படம் மெல்லிய கோடாகி அணையும் வரை, பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலையும் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. காப்பி ஒரு டம்ளர்தான் போட வேண்டும் என்ற நினைப்பே கையைக் காலைக் கட்டிப் போடுகிறது. விடிந்த பிறகும் வெகுநேரம் கண்ணை மூடிக் கிடந்தேன். பிறகு தினமும் செய்வதைத்தான் இன்றும் செய்தேன். உங்கள் கரடுமுரடான குரலைக் காதுக்குள் கொண்டுவந்தேன். "இரு... இரு..." என்று அது சொல்லும் வரை பொறுத்தேன். "இப்ப" என்றதும் எழுந்து உட்கார்ந்தேன்.