டைபாய்டில் போன அத்தைகள்

மார்ச் 4, 2025, செவ்வாய்
மார்பில் இருந்தது வெறும் கொழுப்புக் கட்டியாம். பதினோரு நாள் அழுத அழுகை இந்தக் கொழுப்புக்குத்தானா? திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இரண்டு மசால் தோசை தின்றேன். ஆனால் டாக்டரம்மா விடவில்லை. குடும்பத்தில் யாருக்காவது மார்பில் கேன்சர் உண்டா என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 5
எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் ரெக்கார்டு உண்டு. பெரிய பைபிளின் முதல் பக்கம். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் இங்க் பேனாவில். பார்த்தேன். தபீதாள் அத்தை, 38, கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். ரூத் அத்தை, 41, கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். தாத்தாவுக்கும் அதேதான். டாக்டரிடம் என்ன சொல்ல — எங்க குடும்பத்து வியாதி தூக்கம்னா?
நைனாவைக் கேட்டேன், அப்பாதானே அவர்களோடு பிறந்தவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "டைபாய்டு" என்றார்.
"ரெண்டு பேருக்குமா?"
"அந்தக் காலத்துல தண்ணி சரியில்ல."

மார்ச் 9, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் கமலம்மாவைப் பிடித்தேன். தபீதாள் அத்தையோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர்.
"டைபாய்டா? மார்ல புண்ணும்மா. நான்தான் கட்டு மாத்திக்கினு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாதக்கான்னு உன் நைனா தியோடரு என் கையப் பிடிச்சிக்கினு அழுதான்."
வீட்டுக்கு வந்து ஒரே சண்டை. நைனா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப ரூத்துக்கு சம்மந்தம் பேசிக்கினு இருந்தோம். தெரிஞ்சா எவன் கட்டுவான்?"
"அப்புறம்?"
"அப்புறம் அவளுக்கும் வந்துச்சு."
நல்லா மறைச்ச போ, என்று கத்திவிட்டேன். எனக்கு அத்தை பெயரை வைக்கத் தெரிந்தது இல்ல? விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வரலையா?

மார்ச் 10
சாம்பாரில் உப்பு அதிகம். இருவரும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தோம்.

மார்ச் 13, வியாழன்
நான் கூப்பிடாமலே நைனா சலவை வேட்டி கட்டி, பைபிளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டார். பரம்பரை நோய்க்கு ஆலோசனை சொல்லும் சுமித்ரா எங்கள் இருவர் மூக்கையும் பார்த்தாள். நீங்கள் அப்பாவா என்று கேட்கவே இல்லை. எனக்கு வந்த முதல் மாப்பிள்ளையை விரட்டிய மூக்கு அது, யாருக்கும் சந்தேகம் வராது.
நைனா அக்கா தங்கை இருவரைப் பற்றியும் உள்ளதைச் சொன்னார். இது அப்பா வழியாகவும் வரும் என்று சுமித்ரா சொன்னதும், "எனக்கா?" என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதலில் அவர் ரத்தம்தான் வேண்டுமாம். எழுபது வயது வீரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

ஏப்ரல் 11
நைனாவுக்கு அந்த மரபணுக் கோளாறு உண்டு. என் ரத்தமும் கொடுத்தாயிற்று. எனக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம்.

மே 8
எனக்கும் உண்டு.
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயமா இருக்கு. வேற என்ன எழுத?

மே 20
வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கலாம், இல்லை நோய் வருவதற்கு முன்பே இரண்டு மார்பையும் எடுத்துவிடலாம். எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில், மாங்காய் சீசன் முடிந்ததும்.
மாங்கூழ் ஃபேக்டரியில் லீவு கேட்டேன். எதுக்கு என்றான் சூப்பர்வைசர் வேணு. டைபாய்டு என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து என் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசுகிறான். பத்து வருஷத்தில் முதல் தடவை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
நாளை அட்மிட். பைபிளைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நைனாவின் கோணல் எழுத்து, புது மை.
தபீதாள் பெயருக்குப் பக்கத்தில்: மார்பில் கேன்சர்.
ரூத் பெயருக்குப் பக்கத்தில்: மார்பில் கேன்சர். நான் மறைத்தேன்.
என் பெயருக்குப் பக்கத்தில்: இவளுக்கு என்னிடமிருந்து வந்தது.
பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினேன்: மூக்கும்தான், நைனா.